தொண்டைமானாற்று மோட்டார் சைக்கிளின் எக்ஸோஸ்ட் வால்வு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் மோட்டார் சைக்கிளோடு வருகிறார்கள். மற்றவர்கள், என்னிடம் சைக்கிள் திருத்திய பழக்கத்தில், பல்லுவலிக்கும் காணித் தகராறுக்கும் யோசனை கேட்கிறார்கள். சென்ற மாதம் வந்த இருவர் இந்த இரண்டு வகையிலும் சேராதவர்கள். நல்லூரில் நான் வேலை செய்த சேர்விஸ் நிலையத்தில் இப்போது மேற்பார்வையாளர்களாக இருக்கிறார்கள்.

இப்போது வொறண்டி விண்ணப்பம் எல்லாம் கைத்தொலைபேசியில்தானாம். பழுதுகளின் பட்டியல் ஒன்று வரும். அதில் ஒன்றைத் தொட்டு, படம் எடுத்து அனுப்பினால் கொழும்பிலிருந்து பதில் வந்துவிடும்.

"பட்டியலிலை இல்லாத பழுது வந்தால்?" என்று கேட்டேன்.

"அதைக் கேக்கத்தான் அண்ணை வந்தனாங்கள்" என்றார் ஒருவர். "வொறண்டி இருக்கிற சைக்கிளின்ரை என்ஜினை நீங்கள் களவாய்க் கழட்டினனீங்களாம். உண்மையோ?"

"களவாய் இல்லை. அனுமதி இல்லாமல்."

"வேலை போகேல்லையோ?"

"பாதி போனது."

அதை எழுதித் தரும்படி கேட்டார்கள். வாயால் சொன்னால் ஆளுக்கொரு விதமாக மாறிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் படிப்பித்தது மண்ணெண்ணெய். போரால் பெற்றோல் வராத அந்த வருடங்களில் எங்கள் மோட்டார் சைக்கிள்கள் அதில்தான் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் நாலு துளியைக் காபரேற்றருக்குள் பீச்சி உதைத்தால் என்ஜின் பிடிக்கும். பிறகு மண்ணெண்ணெயில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு போகும். போகும் என்றால் இரண்டு மூன்று மாதம். அதற்குள் வால்வு இறுகிவிடும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என்ஜினின் தலையில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று பெற்றோலும் காற்றும் உள்ளே வர வழிவிடும். மற்றது எரிந்த புகை வெளியே போக வழிவிடும். புகைக்கு வழிவிடுவதுதான் எக்ஸோஸ்ட் வால்வு. பார்த்தால் அகன்ற தலையுள்ள ஆணி போலிருக்கும். அதன் தண்டு ஒரு சிறு குழாய்க்குள் மேலும் கீழும் ஓடும். அந்தக் குழாயை நாங்கள் கைட் என்போம். தண்டு கைட்டுக்குள் இறுகினால் வால்வு மூடாது. வால்வு மூடாவிட்டால் என்ஜினுக்குள் அமுக்கம் இல்லை. அப்படிப்பட்ட என்ஜினை உதைத்தால் காலுக்கு எந்த எதிர்ப்பும் வராது. குளத்துத் தண்ணீருக்குள் காலை விட்ட மாதிரி இருக்கும். அந்த உணர்ச்சி என் வலது காலுக்கு நன்றாகத் தெரியும். பத்து வருடம் அதைத்தான் திருத்தினேன்.

போர் முடிந்து, கொழும்புக் கொம்பனியொன்று நல்லூரில் விற்பனை நிலையமும் சேர்விஸ் நிலையமும் திறந்தபோது என்னைத் தலைமை மெக்கானிக்காக எடுத்தார்கள். சேர்விஸ் மனேஜராக வந்தவர் இரத்தினவேல்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. வெள்ளை நீளக்கைச் சட்டைதான் போடுவார். கிறீசும் ஒயிலும் நிறைந்த இடத்தில் அந்தச் சட்டையில் ஒரு பொட்டுக் கறை நான் கண்டதில்லை. சத்தமாகக் கதைக்கமாட்டார். 'முடியாது' என்றும் சொல்லமாட்டார். யார் என்ன முறைப்பாட்டோடு போனாலும் மேசை லாச்சியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் தள்ளுவார்.

"எழுதித் தாரும்."

எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்குக் கீழும் அடிமட்டத்தை வைத்து வாசிப்பார். 'கொஞ்சம்', 'அநேகமாக', 'சில வேளைகளில்' என்ற சொற்களைக் கண்டால் அடிமட்டம் அங்கேயே நின்றுவிடும். நான் எழுதிய முதல் வொறண்டி விண்ணப்பம் ஒரு ஹோர்ன் பற்றியது. 'ஹோர்ன் சில வேளைகளில் வேலை செய்வதில்லை' என்று எழுதியிருந்தேன்.

"எந்த வேளைகளிலை?" என்றார்.

எனக்குத் தெரியாது. அன்று முழுவதும் அந்தச் சைக்கிளை ஓடி ஓடி ஹோர்ன் அடித்தேன். வீதியில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இடது பக்கம் முழுவதுமாகத் திரும்பும்போது மட்டும்தான் சத்தம் நின்றது. கைப்பிடிக்கு அடியில் வயர் ஒன்று இழுபட்டுக்கொண்டிருந்தது. திருத்தியது நான். கண்டுபிடித்தது அவருடைய கேள்வி. அதற்குப் பிறகு அவரில் எனக்கு மரியாதை வந்தது. எரிச்சலும் குறையவில்லை.

சில வருடங்களின் பின் கொம்பனி ஒரு புது மொடலை இறக்கியது. அழகான சைக்கிள். நன்றாக விற்றது. அதில் ஒன்றை வாங்கியவர் கணேசமூர்த்தி. தொண்டைமானாற்று ஆள், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வலை இழுக்கும்போது வலது தோள் மூட்டு இரண்டு தரம் விலகிவிட்டது. மூன்றாம் தரம் விலகினால் கை வழங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால் கடலை விட்டு, கரையில் மீன் வாங்கி, பின் சீற்றில் ஐஸ் போடும் றிஜிபோம் பெட்டியைக் கட்டி, அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி என்று விற்றுக்கொண்டு உரும்பிராய் வரை வருவார்.

வாங்கி ஆறாவது வாரம் முதல் முறைப்பாடு வந்தது. என்ஜின் சூடானால் நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் கழித்துத்தான் திரும்பப் பிடிக்கிறது. எங்களிடம் கொண்டுவரும்போது ஒரே உதையில் பிடித்தது. பிளக் மாற்றினோம். கொயில் மாற்றினோம். காபரேற்றரை முழுதாக மாற்றினோம். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார்.

நாலாவது முறை அவர் சேர்விஸ் பக்கம் வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேரே விற்பனைக்கூடத்துக்குள் வந்து, புதுச் சைக்கிள்களின் வரிசையில் நிறுத்தினார். பெட்டி பின்னால் இருந்தது. ஐஸ் உருகித் தண்ணீர் பளிங்குத் தரையில் ஓடியது. புதுச் சைக்கிள் பார்க்க வந்த ஒரு குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனது. இரத்தினவேல் இறங்கி வந்தார்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"வொறண்டி மீனுக்கும் இருக்கோ எண்டு கேக்க வந்தனான்" என்றார் கணேசமூர்த்தி.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலத்தான் கேட்டார். இரத்தினவேல் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். என்னைப் பார்த்து, "நாளைக்கு நீர் இவரோடை போம்" என்றார்.

அடுத்த நாள் காலை தொண்டைமானாற்றில் அவருடைய சைக்கிளை நான் எடுத்தேன். பெட்டி, ஐஸ், மீன் எல்லாம் அப்படியே. என் சைக்கிளில் அவர் பின்னால் வந்தார். அவர் வழமையாக நிற்கும் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நானும் நின்றேன்; என்ஜினை நிற்பாட்டாமல் ஹோர்ன் அடித்தேன். மீன் வியாபாரியின் என்ஜினுக்குக் காற்று வாங்க நேரமே இல்லை என்பது அன்றுதான் புரிந்தது. இருநூறு யார் தூர ஓட்டம், ஐந்து நிமிட நிற்பு, வெயில், பாரம். எங்கள் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் ஒழுங்கையில் ஓடிப் பார்த்தால் இந்தச் சூடு வராது.

பதினொரு மணியளவில் நீர்வேலியில் ஒரு வாழைத் தோட்டத்துக்கு முன்னால் என்ஜின் நின்றது. உதைத்தேன். கால் குளத்துக்குள் போனது.

அந்த இடத்திலேயே சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வால்வுக்கு மேலுள்ள சிறு மூடியைக் கழற்றினேன். கை சுட்டது. வால்வை அமுக்கும் இரும்புக் கைக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் இடையில் ஒரு காகிதத் தாள் நுழையும் இடைவெளிதான் இருக்கவேண்டும். என்னுடைய நெருப்புக்குச்சி சுகமாக நுழைந்தது. அதாவது தண்டு கீழேயே நின்றுவிட்டது. ஸ்பிரிங் தள்ளியும் மேலே வரவில்லை.

அந்த நேரத்தில் எதிர்வீட்டுப் படலை திறந்து ஒரு அம்மா தட்டத்தோடு வந்தார்.

"என்ன தம்பி, புது ஆளோ? சூடை மீன் இருக்கோ?"

"தெரியாதம்மா. நான் வால்வு பாக்கிறன்."

"வால்வோ? அது சமைச்சுப் பழக்கமில்லை. சூடையே தாரும்."

பின்னால் வந்த கணேசமூர்த்தி அவருக்குச் சூடையை நிறுத்துக் கொடுத்தார். நான் ஸ்குறூ டிறைவரின் மரப்பிடியால் தண்டின் நுனியில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். 'டக்' என்று தண்டு மேலே வந்தது. மூடியைப் பூட்டி உதைத்தேன். என்ஜின் பிடித்தது.

கணேசமூர்த்தி தராசைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "உவ்வளவுதானோ அண்ணை?" என்றார்.

"பழுது இவ்வளவுதான்" என்றேன். "மிச்சம் கொழும்பிலை."

சூடேறும்போது தண்டு ஒரு துளி பருக்கும். அதற்கு இடம் விட்டுத்தான் கைட்டின் துளையைப் போடவேண்டும். இந்த மொடலில் அந்த இடம் போதாது. அளவுகளோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரத்தினவேல் அடிமட்டம் வைத்து வாசித்து, ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பினார்.

கொழும்பிலிருந்து பதில் வந்தது. பாகங்கள் எல்லாம் வரைபட அளவுக்குள் இருக்கின்றன. வாடிக்கையாளர் பாரத்தைக் குறைக்கவேண்டும். இரத்தினவேல் மறுபடி எழுதினார். நிஷாந்த என்ற இளம் பொறியியலாளர் வந்தார். நல்ல மனிதர். ஆனால் காலையில் வந்து பின்னேர றெயினில் திரும்பவேண்டும். தொண்டைமானாறு போய்வர நேரமில்லை. பெட்டி இல்லாமல் சைக்கிளை எங்கள் ஒழுங்கையில் ஓடிப் பார்த்தார். இருபது தரம் உதைத்தார். இருபது தரமும் பிடித்தது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, அளவுகளைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். போகும்போது ஒரு புது வால்வு போட அனுமதி தந்தார். வால்வு புதிது, கைட் பழையது. எட்டாம் நாள் அதே வாழைத் தோட்டத்துக்கு முன்னால் நின்றது.

கைட்டின் துளையை ஒரு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு பங்கு அகட்ட அனுமதி கேட்டு எழுதினேன். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் அது மூன்றிலொன்றுகூட வராது. பதில் இரண்டே வரி. வொறண்டிக் காலத்தில் எந்தப் பாகத்தையும் எந்த விதத்திலும் மாற்றியமைக்கக் கூடாது. மீறினால் வொறண்டி இரத்தாகும், செய்தவர் ஒழுக்காற்று விசாரணைக்கு உட்படுவார்.

அதற்குப் பிறகு கணேசமூர்த்தி வரவில்லை. மூன்று வாரம் கழித்து அவருடைய மனைவி வந்தார். சிவபாக்கியம் என்று பெயர். பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்து இரத்தினவேலின் அறைக்கு வந்து நின்றார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"அவர் நேற்று வள்ளம் ஏறினவர், ஐயா" என்றார்.

இரத்தினவேல் பழக்க தோஷத்தில் லாச்சியைத் திறந்து வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அவர் அந்தத் தாளைப் பார்த்தார்.

"நான் எழுத வரேல்லை ஐயா. சொல்ல வந்தனான். உந்தச் சைக்கிள் ஓடினால் அவர் கரையிலை நிப்பார். ஓடாட்டிக் கடலுக்குப் போவார். நேற்று வலை இழுத்துப்போட்டு வந்து, சோறு குழைக்கக் கை தூக்க ஏலாமல் இடது கையாலை சாப்பிட்டவர். எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறார். அவ்வளவுதான். நான் வாறன்."

திரும்பிப் போய்விட்டார். இரத்தினவேல் தாளைத் திரும்ப லாச்சிக்குள் வைத்தார். அப்படி அவர் செய்ததை நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை. பிறகு, "நீர் போய் வேலையைப் பாரும், சிவநேசன்" என்றார்.

எந்த வேலை என்று அவர் சொல்லவில்லை. அதற்கு நான் ஒரு அர்த்தமும் கற்பிக்க விரும்பவில்லை. அவர் அனுமதி தரவில்லை; நான் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் கணேசமூர்த்தியோடு போனில் கதைத்தேன்.

"என்ஜினைக் கழட்டினால் வொறண்டி போகும்."

"அது இருந்து என்னத்தைச் செய்தது?"

"என்ரை வேலையும் போகலாம்."

"அப்ப வேண்டாம் அண்ணை" என்றார்.

"நாளைக்கு எட்டு மணிக்குக் கொண்டு வாங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாம் தரம் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

ஞாயிறு காலை உரும்பிராயில் என் வீட்டுக் கொட்டிலில் வேலை தொடங்கியது. கொம்பனி ஆயுதம் ஒன்றையும் எடுத்து வரவில்லை. துளை அகட்டும் ரீமர் என் சொந்த ரீமர், மண்ணெண்ணெய்க் காலத்தது. என்ஜினின் தலையைப் பிடித்திருக்கும் நட்டுகளில் கொம்பனி மஞ்சள் பெயின்ற் கோடு போட்டிருக்கும். நட்டை யாராவது திருப்பினால் கோடு உடையும். உடைந்தால் வொறண்டி இல்லை. ஸ்பனரைப் போட்டு முதல் நட்டைத் திருப்பினேன். கோடு உடைந்தது. அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

கழற்றிய நட்டுகளையும் துண்டுகளையும் ஒழுங்கு மாறாமல் வைக்க நல்ல குழித்தட்டு ஒன்று தேவைப்பட்டது. குசினியில் ஒன்று இருந்தது. அது இட்லித் தட்டு என்பதை என் மனைவி பத்து மணிக்குத்தான் கண்டுபிடித்தார். அதைப் பற்றி இங்கே மேலும் எழுதவில்லை.

ஸ்பிரிங்கை அமுக்கி, வால்வை இழுத்தெடுத்து, தண்டை மைக்ரோமீற்றரில் மூன்று இடத்தில் அளந்தேன். கைட்டைச் சுத்தம் செய்து ரீமரை நிமிர்த்திப் பிடித்து உள்ளே விட்டேன். ரீமரை வலப்பக்கம் மட்டும்தான் திருப்பவேண்டும். இடப்பக்கம் திருப்பினால் வாய் மழுங்கும், துளையும் கீறப்படும். ஒயில் ஒரு சொட்டு, கால் சுற்று, மறுபடி ஒயில். வெளியே எடுக்கும்போதும் வலப்பக்கம் திருப்பியபடியேதான். ஒவ்வொரு தரமும் மண்ணெண்ணெயால் கழுவி, தண்டைப் போட்டு ஆட்டிப் பார்த்தேன். நூறில் ஒன்றில் ஒருமுறை நிறுத்தி அளந்தேன். நூறில் இரண்டில் முற்றாக நிறுத்தினேன். அகட்டிய துளையைத் திரும்பச் சிறுக்க வைக்க முடியாது. கையை எடுக்கவேண்டிய இடத்தில் எடுப்பதுதான் இந்த வேலை.

பிறகு அரைக்கும் பசை பூசி வால்வைத் தேய்த்து, அதன் தலை அமரும் இருக்கையில் பொருத்தினேன். புகை வழிக்குள் பெற்றோல் ஊற்றி வைத்தேன். கால் மணித்தியாலம் ஒரு சொட்டும் கசியவில்லை. கணேசமூர்த்தி முழு நேரமும் ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திரும்பப் பூட்டியதும் உடைந்த மஞ்சள் கோடுகளைக் காட்டி, "உந்தப் பெயின்ற் கடையிலை விக்கிறாங்கள்தானே அண்ணை?" என்றார்.

அதை நானும் யோசித்திருந்தேன். எந்த ஹார்ட்வெயார் கடையிலும் அந்த மஞ்சள் கிடைக்கும். நாலு கோடு இழுத்தால் கதை முடிந்துவிடும். ஆனால் நாளைக்கு வேறொரு மெக்கானிக் இந்தத் தலையைத் திறந்தால், கோடு அப்படியே இருப்பதைப் பார்த்து, கைட் கொம்பனி அளவில் இருப்பதாக நம்பி வேலை செய்வான். பெயின்ற் பூசுவது அவனுக்குப் பொய் சொல்வது. தலையின் ஓரத்தில் அகட்டிய அளவைச் சிறிதாகக் குத்தி அடையாளம் வைத்தேன். கோட்டை உடைந்தபடியே விட்டேன்.

திங்கட்கிழமை இரத்தினவேலிடம் போய்ச் சொன்னேன்.

"நீர் செய்தது பிழை" என்றார்.

"ஓம் சேர்."

"வேலை சரியோ?"

"ஓம் சேர்."

தாள் வந்தது. எழுதினேன். 'அனுமதியின்றிக் கழற்றி, கைட்டைச் சிறிதளவு அகட்டினேன்.' அடிமட்டம் 'சிறிதளவு' என்ற சொல்லில் நின்றது. வெட்டிவிட்டு எண்ணைப் போட்டேன். அதை ஒரு உறைக்குள் வைத்தார். ஆனால் அனுப்பவில்லை. பத்து நாள் மேசையிலேயே கிடந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் உரும்பிராயிலிருந்து என் மனைவி போன் எடுத்தார். "உங்கடை மனேஜர் மீன் விக்கிறார்" என்றார்.

பிறகு விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. இரத்தினவேல் அன்று காலை அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தொண்டைமானாற்றுக்குப் போயிருக்கிறார். வெள்ளைச் சட்டையோடு கணேசமூர்த்தியின் சைக்கிளில் ஏறி, பெட்டியும் மீனுமாக, ஒவ்வொரு படலையிலும் நின்று ஹோர்ன் அடித்து, உரும்பிராய் வரை வந்திருக்கிறார். கணேசமூர்த்தி பஸ்ஸில் முன்கூட்டியே வந்து உரும்பிராயில் காத்திருந்தாராம். வழியில் மீன் கேட்டவர்களுக்கு விலை தெரியாததால், "நீங்களே எடுங்கோ, காசைப் பிறகு அவரிட்டைக் குடுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். பாதிப்பேர் விலை கூடிய பாரை மீனாகப் பார்த்து எடுத்தார்களாம். என்ஜின் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வேலைக்குத் திரும்பியபோது சட்டையின் முன்பக்கத்தில் செதில் ஒட்டியிருந்தது. நான் பார்த்தேன்.

அன்று பின்னேரம் என்னுடைய கடிதத்தோடு தன்னுடையதையும் வைத்து அனுப்பினார். பிரதியை எனக்கும் காட்டினார். 'இவர் இதை என் அனுமதியின்றிச் செய்தார். அது தவறு. வாகனத்தை முழுப் பாரத்துடன் நான் ஓட்டிப் பார்த்தேன். பழுது இல்லை.'

பதில் விரைவாக வந்தது. கணேசமூர்த்தியின் வொறண்டி இரத்து. விசாரணை முடியும்வரை நான் என்ஜின் தொடக்கூடாது. உதிரிப்பாகம் விற்கும் கவுண்டரில் இருக்கவேண்டும். ஏழு மாதம் இருந்தேன். கைவிரல் நகங்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக வெள்ளையாகின. என் கையில் திருத்திய பலர் கவுண்டரில் என்னைக் கண்டு, உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று கேட்டார்கள். சுகமாக இருக்கிறேன் என்றேன். இரவில் சாப்பிட்ட பிறகு கையை மூக்கருகே கொண்டுபோனால் ஒயில் மணக்காது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

எட்டாம் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த மொடலில் குறிப்பிட்ட என்ஜின் இலக்கங்கள் கொண்ட எல்லாச் சைக்கிள்களையும் கூப்பிட்டு, எக்ஸோஸ்ட் வால்வின் கைட்டை அகட்டவேண்டும். அளவு: ஒரு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு. கீழே நிஷாந்தவின் கையெழுத்து. வேறிடங்களிலும் வெயிலில் பாரம் ஏற்றியவர்களின் சைக்கிள்கள் நின்றிருக்கின்றன. என் பெயர் எங்கும் இல்லை. விசாரணை என்னவானது என்றும் இல்லை. எங்கள் நிலையத்தில் அந்த வேலை செய்து பழகிய ஒரே ஆள் நான் என்பதால், அன்று மத்தியானமே என்னைக் கவுண்டரிலிருந்து எழுப்பினார்கள். முப்பத்தாறு சைக்கிள் செய்தேன்.

முப்பத்தேழாவது விண்ணப்பத்தை இரத்தினவேல் தானே நிரப்பினார். கணேசமூர்த்தியின் என்ஜின் இலக்கமும் அந்த வரிசைக்குள்தான் இருந்தது. வேலை செய்தவர் என்ற இடத்தில் என் பெயர். வேலை செய்த திகதி என்ற இடத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை.

கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. வேலை செய்த திகதி சுற்றறிக்கைக்கு முந்தியது, திருத்தி அனுப்பவும். அப்படியே திரும்ப அனுப்பினார். மறுபடி வந்தது. மறுபடி அனுப்பினார்.

"சேர், திகதியை மாத்திப் போட்டால் விட்டிடுவினம்" என்றேன்.

"நீர் எண்டைக்குச் செய்தனீர்?"

"அந்த ஞாயிற்றுக்கிழமை."

"பிறகென்ன?"

ஆறு தரம் திரும்பி வந்தது. ஏழாம் தரம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. சிறப்பு நிலைமையைக் கருத்திற்கொண்டு வொறண்டி மீள வழங்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். வேலைக்குரிய கூலியும் அங்கீகரிக்கப்பட்டிருந்தது, இட்லித் தட்டு நீங்கலாக.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க என்னை அனுப்பினார். நான் தொண்டைமானாறு போனபோது மத்தியானம் ஒரு மணி. கணேசமூர்த்தி அப்போதுதான் உரும்பிராய் போய்த் திரும்பி, முற்றத்தில் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினார். ஆங்கிலத்தில் இருந்ததால் நான் வாசித்துச் சொன்னேன்.

"எவ்வளவு நாளைக்கு அண்ணை?"

கணக்குப் பார்த்தேன். வாங்கிய நாளிலிருந்துதான் வொறண்டிக் காலம். "இன்னும் பதினெட்டு நாள்" என்றேன்.

அவர் யோசித்தார். "அதுக்கிடையிலை ஏதும் பழுதாக்கோணுமோ?"

"கட்டாயமில்லை."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்று என்னைக் கூப்பிட்டார். என்ஜினுக்குக் கிட்டக் கை வைத்துப் பார்த்தேன், அனல் அடித்தது. வலது காலைப் போட்டு ஒரு உதை உதைத்தார். பிடித்தது. நிற்பாட்டினார். மறுபடி உதைத்தார். பிடித்தது. நிற்பாட்டினார். நானும் ஒருதரம் உதைத்துப் பார்த்தேன். என் காலுக்கு நல்ல எதிர்ப்பு வந்தது, பிடித்தது. மறுபடி அவர். மறுபடி நான்.

எத்தனை தரம் என்று எண்ணவில்லை. உள்ளேயிருந்து சிவபாக்கியத்தின் குரல் வந்தது.

"போதும், அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சோறு ஆறுது."

கணேசமூர்த்தி சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மேல் கழுவப் போனார். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, வாளியிலிருந்த தண்ணீரை முதுகில் ஊற்றிக்கொண்டார்.